ஆறாவது ரவுண்டில் உடையாத கை

காதர் அண்ணன் தராசுத் தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அரை மூட்டை உப்பு. எதிர்த் தட்டில் சவரிமுத்து, இடுப்பில் ஈரத் துண்டோடு, பல்லைக் காட்டிக்கொண்டு.

தராசு இன்னும் சவரி பக்கமே சாய்ந்திருந்தது.

"பத்தாதுய்யா. இன்னும் ரெண்டு படி உப்பக் கொட்டுங்க" என்றார் தராசுக்காரர் மூக்கையா.

"ஏலே மூக்கையா, என்னைய எடை போடுறியா, கருவாடு போடுறியா?" என்றார் காதர் அண்ணன்.

கொட்டகையே சிரித்தது. நான் ஒரு பெரிய சங்கை எடுத்து அவர் மடியில் வைத்தேன். முள் நேராக நின்றது. உடனே மேசை மேல் ஏறிக்கொண்டு கத்தினேன். "பாத்துக்கங்க! இதுதான் ரங்கூன்ல இருந்த காதர்! எடை சரியாப் போச்சு. ரெண்டு பேரும் ஹெவி வெயிட்! நாளைக்கு மொத ரவுண்டு!"

சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டு பட்டப்பகலில் அப்படி மேசை மேல் ஏறிக் கத்தியவன் நான்தான். வயது இருபத்து நாலு.

இந்தத் தொடரில் என் அசட்டுத்தனங்களைப் படித்துவிட்டுச் சிரித்ததாகப் பலர் கடிதம் போடுகிறீர்கள். சந்தோஷம். இந்த வாரம் கடைசி வரை சிரிக்க முடியாது. இதை ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இனிமேல் தள்ளவும் தெம்பில்லை. எழுதிவிட்டுப் படுத்துக்கொள்கிறேன்.

நாற்றத்தில் ஒரு உத்தியோகம்

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். கீழக்கரைக்குக் கிழக்கே, கடற்கரையில், ஓலை வேய்ந்த சர்க்கார் சங்குக் கொட்டகை. அதில் நான் குமாஸ்தா.

என் வேலையைச் சொன்னால் சின்னப் பிள்ளையும் சிரிக்கும். ஒரு மரப் பலகை. அதில் ஒரு வட்ட ஓட்டை. கடலிலிருந்து வருகிற ஒவ்வொரு சங்கையும் அந்த ஓட்டையில் விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே புகுந்துவிட்டால் அது குட்டிச் சங்கு, திரும்பக் கடலில் போட வேண்டும். புகாவிட்டால் எடுத்துக்கொள்ளலாம். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இதுதான். எஸ்.எஸ்.எல்.சி. படித்து, மெட்ராஸில் ரெண்டு வருஷம் டைப்ரைட்டிங் தட்டிவிட்டு வந்து பார்த்த உத்தியோகம் இது.

நாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். சங்குக்குள் இருக்கும் சதை அழுகி வெளியேற வேண்டும் என்று குவித்துப் போட்டிருப்பார்கள். ஐயோ, அந்த வாடை! சட்டையில் ஏறினால் மூன்று வெளுப்புக்குப் போகாது. சிக்கல் கிராமத்தில் எங்கள் வீட்டுக்கு லீவில் போனால் என் அய்யா நான் வருவதைப் பார்க்கும் முன்பே, "வந்துட்டான்ல சங்குக்காரன், அந்தக் கெணத்தடியிலயே நில்லு" என்பார். விவசாயம் பார்க்கிற சம்சாரி வீடு. கடல் வாடை அவருக்கு ஆகாது.

கிழிந்து போன பாதி

எல்லாம் ஒரு வடையில் ஆரம்பித்தது.

டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த பேப்பரில் ஒரு கட்டுரை. குத்துச்சண்டை உலக சாம்பியன்கள் ரெண்டு பேர். ஒருவர் பெரிய மீசைக் காலத்து ஆள். இன்னொருவர் ரேடியோக் காலத்து ஆள். ரெண்டு பேரும் அவரவர் நல்ல வயதில் நேருக்கு நேர் நின்றிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? யாரோ வெள்ளைக்காரர் கற்பனை செய்து ரவுண்டு ரவுண்டாக எழுதியிருந்தார். எண்ணெய்க் கறையோடு அதைக் கொட்டகையில் சத்தமாகப் படித்தேன். எட்டாவது ரவுண்டோடு பேப்பர் கிழிந்திருந்தது. முடிவு இல்லை.

"அப்ப யாருய்யா ஜெயிச்சான்?" என்று மூக்கையா என் சட்டையைப் பிடித்தார். எனக்கு எப்படித் தெரியும்? அவருக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை.

மறுநாள் அவரேதான் கேட்டார். "அந்த வெள்ளைக்காரனுக கெடக்கட்டும். நம்ம காதரும் சவரியும் மோதுனா? அதச் சொல்லு கிளார்க்கு."

கொட்டகையில் அத்தனை பேரும் கை வேலையைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். அதுவரை யாருக்கும் அது தோன்றவில்லை பாருங்கள்.

ரெண்டு சாம்பியன்கள்

காதர் அண்ணன் யுத்தத்துக்கு முன்னால் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அங்கே குத்துச்சண்டையில் நாலு வருஷம் அவரை விழுத்தாட்ட ஆள் இல்லையாம். குண்டு விழுந்தபோது காட்டு வழியே நடந்தே வந்தார். அந்த நடையில் பாதி உடம்பு போயிற்று. நான் பார்க்கும்போது ஐம்பது தாண்டிய, தோள் மட்டும் அகலமாக மிச்சமிருந்த மனிதர். விரல் கணுக்கள் எல்லாம் உடைந்து கூடித் தடித்துப்போய் இருக்கும்.

சவரிமுத்து முப்பது வயது. யுத்தம் முடிந்த பிறகு கொழும்பில் ஜெயித்தவன். கோப்பை கூட வைத்திருந்தான். அதில் அவன் வீட்டில் உளுந்து போட்டு வைத்திருந்தார்கள். ஊருக்குத் திரும்பி வந்து சங்கு குளிக்க இறங்கிவிட்டான். தண்ணீருக்குள் எண்பது எண்ணும் வரை மூச்சைப் பிடித்துக் கிடப்பான்.

இவர்கள் இரண்டு பேரும் ஒரே வள்ளம். அதைச் சொன்னால்தான் மீதி புரியும்.

சங்கு குளிப்பவன் கல்லைக் கட்டிய கயிற்றோடு கீழே போவான். கயிற்றின் மறு முனை வள்ளத்தில் ஒருவர் கையில் இருக்கும். கீழே இருப்பவன் கயிற்றை வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தால் மேலே இருப்பவர் உடனே தூக்க வேண்டும். கீழே போனவனுக்கு உயிர் அவனிடம் இல்லை, மேலே உட்கார்ந்திருப்பவரின் விரலில் இருக்கிறது. அதனால் கயிறு பிடிக்கும் ஆளைக் குளிப்பவன்தான் தேர்ந்தெடுப்பான். அதில் வேறு யாரும் வாய் வைக்க முடியாது.

பர்மாவிலிருந்து வந்த காதர் அண்ணனுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. சவரிதான், "ரங்கூன் சாம்பியன் என் கயித்தப் பிடிச்சா எனக்குப் பெருமை மாமா" என்று வீட்டுக்கே போய்க் கூட்டி வந்தான். அந்தக் கயிறுதான் அவர் வீட்டு அடுப்பு.

பத்தா, எண்பதா?

மெட்ராஸில் நான் குடியிருந்த அறைக்கு எதிரே தகர வேலி போட்டுக் குத்துச்சண்டை நடத்துவார்கள். மொட்டை மாடியில் நின்று ஓசியில் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் சரக்கை வைத்துத்தான் கொட்டகையில் கடை விரித்தேன். ஆறு ரவுண்டு. வள்ளங்கள் கரையேறிச் சங்கை இறக்கிய பிறகு ஒரு நாளைக்கு ஒரு ரவுண்டு. வெள்ளிக்கிழமை தொழுகை, ஞாயிற்றுக்கிழமை பூசை. ரெண்டு சாம்பியன்களுக்கும் லீவு விட வேண்டியிருந்தது.

மேசை மேல் ஏறி நான் சொல்லச் சொல்ல ஊரே வாயைப் பிளந்து கேட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாள் முழுக்க ஓட்டையில் சங்கு விட்டவனுக்கு அப்படி ஒரு அதிகாரம் கிடைத்தால் என்ன ஆகும்?

நாலாவது ரவுண்டில் பெரிய தகராறு வந்தது. காதர் குத்தில் சவரி விழுந்தான் என்றேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று எண்ண ஆரம்பித்தேன்.

"எதுக்கு எண்ணுற?" என்றான் ஒரு குளிகாரன்.

"பத்து எண்ணுறதுக்குள்ள எந்திரிக்கலைன்னா தோத்தான்னு அர்த்தம்."

"பத்தா! ஏலே, பைத்தியமா உனக்கு? சவரி எண்பது வரைக்கும் கீழ கெடப்பான். பத்துல தோத்துட்டாம்பியா?"

"அது தண்ணிக்குள்ளய்யா. இது மேடையில."

"எங்கன கெடந்தா என்ன? மூச்சு இருக்குல்ல!"

அத்தனை குளிகாரர்களும் எழுந்துவிட்டார்கள். உலகம் முழுக்கப் பத்துதான் என்று தொண்டை கிழியச் சொன்னேன். எடுபடவில்லை. அவர்களுக்கு ஒரு மனிதன் கீழே போவது என்பது தினசரி வேலை. கடைசியில் எண்பது என்று தீர்ப்பாயிற்று. அன்று மொத்தக் கொட்டகையும் சேர்ந்து எண்ணியது. நாற்பத்திரண்டில் சவரியை எழுப்பி நிறுத்தினேன். ஒரே கும்மாளம்.

சூடு தெரியாத கை

காதர் அண்ணன் எல்லா ரவுண்டையும் டீ கிளாஸோடு ஒரு ஓரமாக உட்கார்ந்து கேட்பார். ஆவி பறக்கிற கிளாஸ். நாங்கள் துண்டை வைத்துப் பிடிப்போம். அவர் வெறும் வலது கையால் அப்படியே பொத்திப் பிடித்திருப்பார்.

அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த ரவுண்டில் சேர்த்துவிட்டேன். "ரங்கூன் காதரின் வலது கை இரும்புக் கை! கொதிக்கிற கிளாஸே அதுக்குப் பச்சத் தண்ணி!" பலத்த கைதட்டல். அவர் கிளாஸை மெல்ல இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

ஐந்தாவது ரவுண்டு முடிந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடித்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேராகக் கொட்டகைக்கு வந்தார். நான் மட்டும் இருந்தேன்.

"தம்பி, நாளைக்குக் கடேசி ரவுண்டுல்ல?"

"ஆமாண்ணே."

"என் வலது கை ஒடஞ்சிருச்சுன்னு சொல்லிரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னண்ணே, தோக்கப் போறோம்னு இப்பவே சாக்குத் தேடுறீகளா?"

"சாக்கு இல்ல தம்பி. அடிக்கையில கை ஒடஞ்சிருச்சு. நானே தூக்கிக் காட்டுனேன். நடுவரு ஆட்டத்த நிப்பாட்டிட்டாரு. அம்புட்டுதேன். யாரும் விழ வேணாம்."

"அட போங்கண்ணே. ஊரே காத்துக் கெடக்கு. இப்படிச் சப்புன்னு முடிச்சா என்னையத் தூக்கிக் கடல்ல போட்டுருவானுக."

"சவரி கேக்குற மாதிரி சொல்லணும் தம்பி."

"உங்க கை இரும்புக் கை. நான் பாத்துக்கிடுறேன், போங்க."

அவர் போகவில்லை. வலது கையை என் அளவுப் பலகை மேல் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். பலகை ஓரத்துச் சிலாம்பு ஒன்று ஆள்காட்டி விரலில் ஏறி ரத்தம் கசிந்தது. "அண்ணே, ரத்தம்" என்றேன். அதன் பிறகுதான் அவர் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஏதாவது கேட்பேன் என்று நின்றிருக்கிறார் மனுஷன்.

நான் ஒரு சங்கை எடுத்து ஓட்டையில் விட்டேன்.

"வாரேன் தம்பி" என்று போய்விட்டார்.

கடைசி ரவுண்டு

சனிக்கிழமை பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆள் வந்துவிட்டது. நான் சட்டையை வெளுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை.

காதர் அண்ணன் சொன்னது எனக்கு மறக்கவில்லை. மேசையில் ஏறும்போதுகூட நினைவிருந்தது. ஆனால் அத்தனை முகங்களைப் பார்த்தால் கை உடைந்தது என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? ஜெயிக்க வைத்துவிட்டால் கிழவருக்கு எல்லாம் மறந்துவிடும் என்று நினைத்தேன்.

"அந்தா பாருங்க, காதர் வலது கையை ஓங்கிட்டாரு! இரும்புக் கை! சவரி தாடையில எறங்குது! சவரி விழுந்துட்டான்!"

சவரி சும்மா இருப்பானா? எழுந்து வந்து சங்குச் சாக்கு மேல் மல்லாந்து விழுந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். ஊரே எண்ணியது. ஐம்பது. அறுபது. எழுபது. எண்பது! சவரி ஊதிக்கொண்டு எழுந்து, ஓடிப்போய் காதர் அண்ணனின் வலது கையைப் பிடித்துத் தூக்கினான்.

"என் மாமன்டா! என் உசுர இந்தக் கையிலதாண்டா கொடுத்துருக்கேன்!"

எல்லோரும் கத்தினார்கள். காதர் அண்ணன் சிரிக்கவில்லை. தூக்கிப் பிடித்த தன் கையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெருமையில் பேச்சு வரவில்லை என்று நான் நினைத்தேன். மடையன்.

முப்பத்தெட்டு

திங்கட்கிழமை வள்ளம் நேரத்துக்கு முன்னாலேயே திரும்பி வந்தது. மதியம் ஆகவில்லை. பாய் கோணலாக இருந்தது.

நான் அளவுப் பலகையைப் போட்டுவிட்டு ஓடினேன். நாலு பேர் சவரியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். காதிலும் மூக்கிலும் ரத்தம். கெண்டைக்காலில் திருக்கை முள் ஏறி வீங்கியிருந்தது.

நடந்ததைப் பக்கத்துக் கயிறு பிடித்தவர் சொன்னார். கீழே போன கொஞ்ச நேரத்தில் திருக்கை குத்தியிருக்கிறது. சவரி கயிற்றை இழுத்திருக்கிறான். ஒரு தடவை இல்லை, மூன்று நாலு தடவை. கயிறு தண்ணீரில் துள்ளுவதைப் பக்கத்து ஆள் பார்த்திருக்கிறார். காதர் அண்ணன் கயிற்றை வலது கையில் பிடித்தபடி, கண்ணைத் தூரத் தண்ணீரில் வைத்து, நிதானமாக எண்ணிக்கொண்டிருந்தாராம். "முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு..."

பக்கத்து ஆள் பாய்ந்து கயிற்றைப் பிடுங்கி இழுத்திருக்கிறார். அதனால் உயிர் மிஞ்சியது. செவிப்பறை ரெண்டும் கிழிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

காதர் அண்ணன் வள்ளத்தை விட்டு இறங்கவில்லை. கயிறு இன்னும் அவர் கையில் சுற்றியிருந்தது. "எறங்குங்கண்ணே" என்றேன். "இழுத்தானா தம்பி? மெய்யாவே இழுத்தானா?" என்று என்னைக் கேட்டார். நான் கரையில் இருந்தவன். எனக்கு என்ன தெரியும்? ஆனால் எனக்குத்தான் எல்லாம் தெரிந்திருந்தது.

அந்த விரல்கள் செத்துப்போய் எத்தனை மாதமோ. அதை அவர் வாய்விட்டுச் சொன்னால் கயிறு போய்விடும். சொல்லாவிட்டால் சவரி போய்விடுவான். நடுவில் என் கதை ஒன்று கிடைத்தது. அதற்குள் ஒளித்துச் சொல்லிவிடலாம் என்று வந்தார். ஒரு வரிதான் கேட்டார்.

அவர் அதன் பிறகு கடலுக்குப் போகவில்லை. வயதாகிவிட்டது, பாவம் என்றார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வெள்ளிக்கிழமை நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. எழுதிக் கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு போனேன். நாற்றம் தாங்கவில்லை என்று காரணம் எழுதினேன். சில வருஷம் கழித்து, அவர் மகள் வீட்டில் மவுத்தாகிவிட்டார் என்று மூக்கையா கார்டு போட்டிருந்தார். நான் போகவில்லை.

மண்டபம் ஸ்டேஷனில்

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஏதோ ஆபீஸ் வேலையாக வந்துவிட்டு, மண்டபம் ஸ்டேஷனில் ரயிலுக்கு உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில். நெத்திலிக் கருவாட்டுக் கூடையோடு ஒருவன் வந்து என் எதிரே நின்றான்.

"கிளார்க்கு!"

ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. காது கேட்காதவர்கள் பேசும் சத்தம். லேசாகக் கால் இழுத்தது. பல்லைக் காட்டிச் சிரித்தபோது சவரி என்று தெரிந்தது.

"நல்லாருக்கீங்களா?" என்றேன்.

"வாயப் பாத்தாத் தெரியும். மெதுவாப் பேசு" என்று பக்கத்தில் உட்கார்ந்தான். பிள்ளைகளைச் சொன்னான், கொழும்புக் கோப்பையை விற்றதைச் சொன்னான். பிறகு சாதாரணமாகக் கேட்டான்.

"மாமா வெள்ளிக்கெழம உன்ட்ட வந்தாராமில்ல? கை ஒடஞ்சிருச்சுன்னு சொல்லச் சொன்னாராமில்ல?"

நான் என் பையின் வாரை அவிழ்த்துக் கட்டினேன்.

"மவுத்தாகுறதுக்கு முந்தி என்னையக் கூப்புட்டு விட்டாரு. எழுதிக் காட்டச் சொன்னாரு மக கையால. நேராச் சொல்ல வெக்கமா இருந்துச்சாம். சொன்னா நான் பாவம் பாத்து, பரவால்ல மாமான்னு மறுபடி கயித்தக் கொடுத்துருவேனாம். ஊரு முன்னாடி, ஆட்டத்துல வச்சுச் சொல்லிட்டா நான் புரிஞ்சுக்கிட்டு வேற ஆள் போட்டுருவேன்னு நெனச்சிருக்காரு."

"புரிஞ்சிருப்பீங்களா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் என் உதட்டைப் பார்த்துப் படித்துக்கொண்டான்.

"ரெண்டு வருசம் அவரு கையிலதான தொங்குனேன். புரியாமப் போகுமா?"

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செருப்பால் அடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவன் என் தொடையில் தட்டினான்.

"அந்த ரவுண்ட இப்பச் சொல்லு கிளார்க்கு. அவரு சொன்ன மாதிரி. எனக்குக் கேக்காது. வாயப் பாத்துக்கிடுறேன்."

நான் எழுந்தேன். ரயில் வருது சவரி, இன்னொரு நாள் பார்ப்போம் என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்கு நடந்தேன். ரயில் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அது அவனுக்கும் தெரியும். அவன் கூடையைத் தூக்கிக்கொண்டு மறு பக்கம் போனான்.

சவரி இப்போது இருக்கிறானா, தெரியாது. அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். பேப்பரில் மடித்துக் கொடுத்த வடையிலாவது இந்தப் பக்கம் அவன் கைக்குப் போய்ச் சேரலாம். கிழியாமல் சேர வேண்டும்.

ஆறாவது ரவுண்டு. மணி அடித்துவிட்டது. ரங்கூன் காதர் நடுவுக்கு வருகிறார். கொழும்பு சவரிமுத்து எதிரே நிற்கிறான். காதர் வலது கையை ஓங்கி ஒரு குத்து விடுகிறார். சவரியின் தாடையில் படுகிறது. சவரி அசையவில்லை. காதர் தன் கையைப் பார்க்கிறார். கை உடைந்துவிட்டது. அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டுகிறார். இந்தக் கையில் இனி ஒன்றும் தெரியாது மாப்ள என்கிறார். நடுவர் ஆட்டத்தை நிறுத்துகிறார். சவரி ஓடிவந்து அந்தக் கையைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறான்.

யாரும் விழவில்லை. யாரும் எண்ணவில்லை.